டிபிஎஃப் கோப்பைக் கால்க்கில் திறந்து ஒட்டிவிடலாமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். தமிழ்நாட்டுத் தாலுகா எல்லைகள் உள்ள ஒரு ஷேப்ஃபைல், அதாவது கணினி வரைபடத் தரவு, உங்களிடம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாலுகாவாரி எண்கள் தனியாக எக்செல்லில் இருக்கின்றன. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தாலுகாப் பெயரை வைத்து இரண்டையும் இணைக்க ஜாயின் போட்டால் பல தாலுகாக்களுக்கு ‘நல்’ (மதிப்பு இல்லை) என்று வருகிறது. ஒட்டிக்கொண்டவற்றுக்கு மக்கள் அடர்த்தி கணக்கிட்டால் நம்பமுடியாத எண்கள் வருகின்றன. இந்த வம்பே வேண்டாம், ஷேப்ஃபைலோடு கிடக்கும் டிபிஎஃப் என்ற விவரக் கோப்பை, எக்செல் போன்ற லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறந்து, எண்களை நேராக ஒட்டிச் சேமித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: க்யூஜிஐஎஸ் காட்டும் விவரப் பட்டியலான அட்ரிபியூட் டேபிளும் எக்செல் ஷீட்டும் ஒன்றுதானே? பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். அந்த நினைப்பில்தான் உங்கள் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

முதலில் ஒட்டும் விஷயம். செய்யாதீர்கள். ஷேப்ஃபைல் என்பது ஒரு கோப்பு கிடையாது. ஒரே பெயரில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் சில கோப்புகளின் கூட்டம். வடிவங்கள் எஸ்ஹெச்பி கோப்பில், விவரங்கள் டிபிஎஃப் கோப்பில். எந்த வடிவத்துக்கு எந்த விவரம் என்பதை எது சொல்கிறது என்று தேடினால், ஒன்றுமே இருக்காது. முதல் வடிவத்துக்கு முதல் வரிசை, நூறாவது வடிவத்துக்கு நூறாவது வரிசை, அவ்வளவுதான். நடுவில் ஒரு அடையாள எண்கூடக் கிடையாது. கால்க்கில் திறந்து, பெயர்களைத் தேட வசதியாக இருக்கட்டும் என்று அகர வரிசைப்படி ஒருமுறை அடுக்கிச் சேமித்தால் போதும், ஒரு தாலுகாவின் மக்கள்தொகை இன்னொரு தாலுகாவின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. வரைபடம் அழகாகத் திறக்கும், வண்ணங்களும் வரும்.

இது எனக்கே நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அலுவலகத்துக்காகத் திறந்தவெளிக் கிணறுகளின் லேயர் (வரைபட அடுக்கு) ஒன்றைத் தயாரித்தேன். நீர்மட்டத்தைச் சரிபார்க்க டிபிஎஃப்பைத் திறந்து, ஆழம் அதிகமான கிணறுகள் மேலே வரும்படி அடுக்கிப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் சேமித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, களத்துக்குப் போனவர் போன் செய்து, “சார், நீங்க எண்பதடின்னு போட்ட கிணத்துல நான் எட்டிப் பார்த்தா என் மூஞ்சி தெரியுது” என்றார். மூலப் பிரதி பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து எந்த லேயர் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அதில் எனக்கென்று ஒரு எண் ஃபீல்டு (பத்தி) சேர்த்து, வரிசை எண்ணை நிரப்பிவைத்துவிடுவேன். அதுவே சாவி. பிறகு என்ன குழப்பம் வந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

க்யூஜிஐஎஸ்ஸுக்குள் அட்ரிபியூட் டேபிளைத் திறந்து, தலைப்பில் தட்டி அடுக்கினால் ஆபத்து இல்லை. அது பார்வையை மட்டும் மாற்றும், கோப்பைத் தொடாது. எக்செல் ஷீட்டில் ஒரு வரிசை என்பது வெறும் வரிசை. அட்ரிபியூட் டேபிளில் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஒரு துண்டு நிலம் கட்டப்பட்டிருக்கிறது. வரிசையை அழித்தால் நிலமும் போகும்.

சரி, ஜாயினுக்கு வருவோம். நீங்கள் பெயரை வைத்து இணைத்திருக்கிறீர்கள். உங்கள் கோப்புகளை நான் பார்க்கவில்லை, ஆனால் பெயரால் இணைத்தால் தமிழ்நாட்டில் என்னென்ன நடக்கும் என்பது நன்றாகவே பழக்கம். தூத்துக்குடியை எடுங்கள். ஆங்கிலத்தில் 2011 கணக்கெடுப்பு அதை இரண்டு ‘கே’ போட்டு எழுதுகிறது, அரசு இணையதளங்களில் ஒரு ‘கே’, பழைய வரைபடங்களில் டூட்டிகோரின். கணினிக்கு இவை மூன்று ஊர்கள். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அரசாணை வெளியாகி, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். அந்தச் சில நாட்களில் யாராவது ஊர்ப் பட்டியல் தட்டியிருந்தால் அதுவும் இப்போது எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

‘நல்’ வருவதைவிட மோசம், தவறாகப் பொருந்துவது. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் என்று ஒரு தாலுகா இருக்கிறது. 2011-இல் வேலூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது தனி மாவட்டமாகிவிட்ட வடக்கேயுள்ள திருப்பத்தூரிலும் அதே பெயரில் தாலுகா. பெயரால் இணைத்தால் இரண்டுக்கும் ஒரே எண் போகும். ‘நல்’ இருந்தால் கண்ணில் படும், இது படாது.

பெயர்கள் தமிழில் இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அது இன்னும் ஆழமான குழி. ‘கொடைக்கானல்’ என்பதில் வரும் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டலாம்: ஒகரக் குறியை ஒரே எழுத்தாக ஒரு வழி, ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு துண்டாக ஒரு வழி. திரையில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் தெரியாது, ஜாயின் பொருந்தாது. ‘ஸ்ரீ’க்கும் இரண்டு எழுத்துத் தொடர்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்றும் ‘நல்’ காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒகரச் சிக்கலை யூனிகோடு நார்மலைசேஷன் செய்து, அதாவது இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கி, தீர்த்துவிடலாம். ‘ஸ்ரீ’ அதற்கும் மசியாது, தேடி மாற்றத்தான் வேண்டும். இவை போதாதென்று பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. அதை ‘ட்ரிம்’ ஃபங்ஷன் கவனித்துக்கொள்ளும்.

ஆகவே பெயரை விடுங்கள், குறியீட்டைப் பிடியுங்கள். 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு மட்டத்துக்கும் குறியீடு உண்டு. தமிழ்நாட்டுக்கு 33. அன்றைய 32 மாவட்டங்களுக்கு 602 முதல் 633 வரை. தாலுகாவுக்கு ஐந்து இலக்கம், கிராமத்துக்கு ஆறு இலக்கம். உங்கள் ஷேப்ஃபைலில் இந்தக் குறியீட்டுக்கு ஒரு ஃபீல்டு பெரும்பாலும் இருக்கும், பாருங்கள். லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி என்ற அரசுத் தொகுப்பிலும் மாவட்டம், தாலுகா, கிராமத்துக்குக் குறியீடுகள் உண்டு. அவை எல்லா மட்டத்திலும் கணக்கெடுப்புக் குறியீடாகவே இருக்கும் என்று நம்பக் கூடாது. ஒன்றில் ஒரு வகை, மற்றதில் மற்ற வகை என்றால் இணைக்காதீர்கள்.

தாலுகாக் குறியீட்டில் ஒரு வில்லங்கம்: அது பூஜ்யத்தில் தொடங்கும். 05711 மாதிரி. எக்செல்லில் அந்தக் கோப்பைத் திறந்ததுமே பூஜ்யம் உதிர்ந்து 5711 ஆகிவிடும், ஏனென்றால் எக்செல் அதை ஓர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்கிறது. அது எண்ணிக்கை கிடையாது. வண்டியின் பதிவு எண்ணை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, அதுபோலத்தான் இது. ஷேப்ஃபைலில் எழுத்தாக ‘05711’, எக்செல்லில் எண்ணாக 5711 என்று இருந்தால் பொருந்தாது. டேபிளில் ஒரு சின்ன அடையாளம் உண்டு: எண் ஃபீல்டு கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து ஃபீல்டு இடது ஓரத்தில். எண்களாகத் தெரிவது இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து வகை. ஃபீல்டு கால்குலேட்டரில் புதிதாக ஒரு எழுத்து ஃபீல்டு உருவாக்கி, ‘எல்பேட்’ ஃபங்ஷனால் ஐந்து இலக்கம் வரும்வரை முன்னால் பூஜ்யம் நிரப்புங்கள். இரண்டு பக்கமும் அதே வகை, அதே நீளம் ஆனபின் ஜாயின் போடுங்கள். வகை வேறாக இருந்தாலும் எழுத்தும் எண்ணும் ஒரே இலக்கங்களாக இருந்தால் க்யூஜிஐஎஸ் சில நேரம் கண்டும் காணாமல் பொருத்திவிடுவது உண்டு. அந்தத் தாராளத்தை நம்பி வேலை செய்யாதீர்கள்.

எக்செல் பட்டியலை சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேர்ப்பதென்றால் மவுஸால் இழுத்துப் போடாமல், ‘ஆட் டெலிமிடெட் டெக்ஸ்ட் லேயர்’ வழியாகப் போங்கள். அங்கே ஃபீல்டு வகையைத் தானாகக் கண்டுபிடிக்கும் டிக் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டால் எல்லாம் எழுத்தாக வரும், பூஜ்யங்கள் பிழைக்கும். மக்கள்தொகையைப் பிறகு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். வடிவம் இல்லாத பட்டியல் என்பதையும் அதே சன்னலில் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் சில தாலுகாக்கள் ‘நல்’லாகவே நிற்கும். இங்கே நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் இருந்தவை 215 தாலுகாக்கள். இன்று 300-ஐத் தாண்டிவிட்டன. 32-ஆக இருந்த மாவட்டங்கள், 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020-இல் மயிலாடுதுறை என்று 38 ஆகிவிட்டன. உங்கள் ஷேப்ஃபைல் புதிய எல்லைகளில் இருந்தால், 2011-க்குப் பிறகு பிறந்த தாலுகாவுக்கு 2011 பட்டியலில் எண் இருக்க வழியே இல்லை. அங்கே ‘நல்’ என்பதுதான் உண்மையான பதில். அதைவிட ஆபத்து, பழைய தாலுகாவிலிருந்து ஒரு பகுதி பிரிந்துபோயும் பெயரும் குறியீடும் அப்படியே தொடர்வது. எண் பொருந்தும், நிலம் பாதிதான் இருக்கும்.

சென்னையே நல்ல உதாரணம். 2011-இல் மாவட்டப் பரப்பு 175 சதுர கிலோமீட்டர், மக்கள் 46,46,732 பேர், அடர்த்தி 26,553. 2018-இல் மாவட்டத்தை விரித்து 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். புதிய எல்லையின் பரப்பால் பழைய மக்கள்தொகையை வகுத்தால் 10,900 சொச்சம் வரும். கால்குலேட்டர் தயங்காமல் போட்டுக் கொடுக்கும். ஆனால் அந்த எண் எந்த ஆண்டின் எந்தச் சென்னைக்கும் சொந்தமில்லை.

வழி இரண்டு. எளிதானது, 2011 எல்லைகள் உள்ள ஷேப்ஃபைலைத் தேடிப்பிடித்து அதிலேயே வேலையை முடிப்பது. ஆய்வுக் கட்டுரைக்கென்றால் நான் இதைத்தான் சொல்வேன். இன்றைய எல்லையில்தான் வேண்டுமென்றால் கிராம மட்டத்துக்கு இறங்க வேண்டும். தாலுகாக்கள் உடைந்தாலும் வருவாய்க் கிராமங்கள் பெரும்பாலும் முழுசாகத்தான் கைமாறுகின்றன. 2011 கிராமங்கள், நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் இன்றைய தாலுகா எது என்று ஒரு ஃபீல்டில் எழுதி, அதன்படி கூட்டிக்கொள்ளலாம். கூட்டும்போது ‘டிஸால்வ்’ கருவியை எடுக்காதீர்கள். அது எல்லைகளைச் சேர்த்துவிட்டு, எண்களில் முதலில் கிடைத்த கிராமத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். ‘அக்ரிகேட்’ கருவிதான் ஃபீல்டு வாரியாகக் கூட்டட்டுமா, சராசரி எடுக்கட்டுமா என்று கேட்கும். நகர விரிவாக்கத்தில் மாநகராட்சிக்குள் கரைந்துபோன ஊராட்சிகளுக்கு இந்த முறையிலும் துல்லியம் கிடைக்காது. அங்கே வருவது மதிப்பீடுதான் என்று அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இணைக்கும் பட்டியலில் ஒரு குறியீட்டுக்கு ஒரே வரிசைதான் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கெடுப்புப் பட்டியல்களில் ஒரே தாலுகாவுக்கு மொத்தம், ஊரகம், நகரம் என்று மூன்று வரிசை வருவது வழக்கம். சாதாரண ஜாயின் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சொல்லாமல் விட்டுவிடும். ‘மொத்தம்’ என்ற வரிசைகளை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு இணையுங்கள்.

இணைத்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஸ்டாடிஸ்டிக்ஸ் பேனலைத் திறந்து மக்கள்தொகை ஃபீல்டின் கூட்டுத்தொகையைப் பார்ப்பேன். தமிழ்நாடு முழுக்க 7,21,47,030 வர வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் எங்கோ ஓட்டை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வந்தால் வரிசைகள் இரட்டித்திருக்கின்றன.

அடுத்தது அடர்த்தி. நம்பமுடியாத எண்கள் என்றீர்கள், எப்படிப்பட்ட எண்கள் என்று சொல்லவில்லை. கோடிக்கணக்கில் வந்திருந்தால் காரணம் அனேகமாக ஒன்றுதான். லேயர் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது, நீங்கள் ‘ஏரியா’ ஃபங்ஷனுக்குள் ஜியாமெட்ரியைக் கொடுத்திருக்கிறீர்கள். அது லேயரின் அலகிலேயே அளக்கும், அதாவது சதுர டிகிரியில். நம் பக்கத்தில் ஒரு சதுர டிகிரி என்பது சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். பழைய சென்னை மாவட்டம் அந்த அலகில் 0.0146 மட்டும்தான். அதால் வகுத்தால் 30 கோடிக்கு மேல் வரத்தானே செய்யும். டாலர் குறியோடு தொடங்கும் ‘ஏரியா’வைப் பயன்படுத்துங்கள். அது பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து, ப்ராஜெக்ட் அமைப்பில் நீங்கள் தேர்ந்தெடுத்த அலகில் பரப்பைத் தரும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம்முக்கு மாற்றி அளக்கலாமே என்றால், மாநிலம் முழுவதற்கும் அது சரிவராது. 78 டிகிரி தீர்க்கரேகை நம்மை இரண்டாகப் பிளக்கிறது: கோயம்புத்தூர் 43-ஆவது மண்டலத்தில், சென்னை 44-இல். திண்டுக்கல் கோட்டுக்கு மேற்கே ஒட்டி நிற்கும், மதுரை கிழக்கே.

எண்கள் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ வந்திருந்தால் நோய் வேறு. ஃபீல்டு கால்குலேட்டர் புதிய ஃபீல்டுக்கு முழு எண் வகையைத்தான் முதலில் நீட்டும். உதாரணத்துக்கு, எழுத்தறிவு விகிதம் 0.8 என்பது அதில் தங்காது. தசம வகையைத் தேர்ந்தெடுங்கள். வகுத்தல் குறியின்மேல் பழி போடாதீர்கள். க்யூஜிஐஎஸ் எக்ஸ்பிரஷனில் இரண்டு முழு எண்களை வகுத்தாலும் தசமம் வரும். போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபட டேட்டாபேஸில் எஸ்க்யூஎல் எழுதினால்தான் முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது பின்னம் வெட்டுப்படும்.

‘நல்’லுக்குப் பூஜ்யம் நிரப்பிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். பூஜ்யம் என்றால் அங்கே யாரும் வசிக்கவில்லை என்று அர்த்தம். ‘நல்’ என்றால் நமக்கு எண் தெரியாது. ‘நல்’லோடு எதைக் கூட்டினாலும் ‘நல்’தான் வரும், அது தொந்தரவு அல்ல, பாதுகாப்பு. அவற்றைத் தேடும்போது சமக்குறி போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது, ‘இஸ் நல்’ என்று கேட்க வேண்டும்.

கடைசியாகச் சேமிப்பது. ஜாயின் என்பது கண்ணுக்கு மட்டும் இணைந்திருப்பது, கோப்புக்குள் எதுவும் போகவில்லை. கணக்கிட்டுக் காட்டப்படும் விர்ச்சுவல் ஃபீல்டும் அப்படித்தான், ப்ராஜெக்ட் கோப்பில் மட்டும் வாழும். நிலையாக வேண்டுமென்றால் லேயரை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், தயவுசெய்து ஜியோபேக்கேஜாக. ஷேப்ஃபைலில் ஃபீல்டு பெயருக்குப் பத்து பைட்தான் இடம். ‘பாப்புலேஷன்’ ஆங்கிலத்தில் சரியாகப் பத்தெழுத்து. அதற்குப் பின்னால் ஆண், பெண் என்று சேர்த்துப் பெயர் வைத்திருந்தால் இரண்டின் வாலும் வெட்டப்பட்டு, ஒன்று பாப்புலேஷனாகவும் இன்னொன்று மொட்டை வாலில் ஒன்று போட்டும் வரும். ஆறு மாதம் கழித்து எது ஆண், எது பெண் என்று கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். ‘ஊர்’ என்று வைத்தால் ஒன்பது பைட், தப்பிக்கும். ‘பெயர்’ பதினைந்து, தப்பிக்காது. ஜியோபேக்கேஜ் 2014-இல் தரமாக வந்தது, உள்ளே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். பெயர் நீளச் சிக்கல் இல்லை, ‘நல்’ ‘நல்’லாகவே இருக்கும், ஒவ்வொரு வரிசைக்கும் சொந்த அடையாள எண் உண்டு, எல்லாம் ஒரே கோப்பு. யாராவது ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்று கேட்டால் அவர்களுக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால் பதறாமல் எப்படி உடைந்திருக்கிறது என்று பாருங்கள். தலையில் கொம்பும் தொப்பியும் முளைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரிந்தால் தகவல் உயிரோடு இருக்கிறது. லேயர் ப்ராப்பர்டீஸில் என்கோடிங்கை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) யூடிஎஃப்-8 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வரிசையாகக் கேள்விக்குறிகள் என்றால், எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தபோதே எழுத்துகள் செத்துவிட்டன என்று அர்த்தம், மீட்க முடியாது. மூலக் கோப்புக்குப் போய் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்து வாருங்கள். அர்த்தமில்லாத ஆங்கிலம்போலத் தெரிந்தால் அது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. என்கோடிங் மாற்றி அதைத் திருத்த முடியாது, எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுக்க வேண்டும்.

குறியீட்டால் இணைத்த பிறகும், புதிய தாலுகாக்களைக் கழித்துவிட்டும் ‘நல்’ மிச்சமிருந்தால், அப்படி நிற்கும் ஒரே ஒரு தாலுகாவை எடுத்து, இரண்டு டேபிளிலும் அதன் குறியீட்டின் நீளத்தை ‘லெங்த்’ ஃபங்ஷனால் பார்த்து, அந்த இரண்டு எண்களையும், ஃபீல்டு இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா வலப்பக்கமா என்பதையும் இங்கே எழுதுங்கள். அதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.